நாலு கோடியின் விலை

2025 டிசம்பர் 16. மார்கழி முதல் தேதி. மயிலாப்பூரில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரிக்கு அப்பாவோடு போயிருந்தேன். மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. பாடிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். எங்களையும் சேர்த்து முப்பது பேர் இருந்திருப்போம், அதில் ஐந்தாறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே பாடினாள். அன்று மாலை அதே மேடையில் பாட இருந்தவர் பெரிய பெயர். அவருக்குக் குரல் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. ஆனால் அந்த டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

கச்சேரி முடிந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது போனில் அபுதாபி ஐபிஎல் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் கார்த்திக் சர்மா என்ற பையனை 14.20 கோடிக்கு எடுத்தது. வயது 19. விக்கெட் கீப்பர். அதற்குச் சற்று முன்னால்தான் பிரசாந்த் வீர் என்ற இன்னொரு பையனுக்கும் அதே 14.20 கோடி கொடுத்திருந்தார்கள். இந்தியாவுக்கு ஆடாத ஒருவருக்கு ஐபிஎல் ஏலத்தில் இதற்கு முன் யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை.

இந்தியாவுக்கு ஆடாதவர்களை ஐபிஎல் மொழியில் ‘அன்கேப்ட்’ என்பார்கள். நாட்டின் தொப்பியை இன்னும் தலையில் வைக்காதவர். கார்த்திக் சர்மா அன்கேப்ட். அதே அணியின் பட்டியலில் இன்னொரு அன்கேப்ட் விக்கெட் கீப்பரும் இருக்கிறார். வயது 44. இந்தியாவுக்காக 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 டி20 ஆடியவர். இரண்டு உலகக் கோப்பைகளைக் கையில் ஏந்தியவர். சம்பளம் 4 கோடி.

“தோனிக்கு நாலு கோடிதானா?” என்றார் அப்பா, அடையை விண்டுகொண்டே. “சும்மா வருதுன்னு சொல்லு.”

இந்தக் கட்டுரை அந்த ‘சும்மா’ பற்றியது.

*

சம்பள உச்சவரம்பு இல்லாத விளையாட்டில் ஒரு மூத்த வீரரை வைத்துக்கொள்வது முதலாளியின் பர்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம். உச்சவரம்பு வந்துவிட்டால் அந்தக் கேள்வியின் இயல்பே மாறிவிடுகிறது. அவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அதே உடைமாற்றும் அறையில் உட்காரப்போகும் இன்னொருவரிடமிருந்து எடுத்த ரூபாய். அதனால் தக்கவைப்புப் பட்டியலை நான் ஒரு பிரதியைப் போல வாசிப்பது வழக்கம். ஒரு அணி தன்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது பேட்டிகளில் தெரியாது, அந்தப் பட்டியலில் தெரியும்.

தோனியின் விலையை அப்படி வரிசையாக வாசித்துப் பாருங்கள். 2008 பிப்ரவரியில் முதல் ஏலம். ஒரு அணியின் உச்சவரம்பு 50 லட்சம் டாலர். மும்பைக்கு சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி என்று பல நகரங்களுக்கு ‘ஐகான்’ இருந்தார்கள். சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. ராஞ்சிக்காரர் ஒருவருக்கு 15 லட்சம் டாலரைத் தூக்கி வைத்தார்கள். மொத்தத்தில் 30 சதவீதம். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அது. தப்பாகப் போயிருந்தால் அணியே காலி.

2014-ல் 60 கோடியில் 12.5 கோடி, ஏறக்குறைய 21 சதவீதம். இரண்டு வருடத் தடைக்குப் பிறகு 2018-ல் 80 கோடியில் 15 கோடி, 19 சதவீதம். 2022-ல் 90 கோடியில் 12 கோடி, 13 சதவீதம். அந்த வருஷம் முதல் இடத்தில் 16 கோடிக்கு ஜடேஜா, தோனி இரண்டாவது. கடைசியாக, 2024 அக்டோபர் 31 அன்று வந்த பட்டியலில் 120 கோடியில் 4 கோடி. மூன்றரை சதவீதம்கூட முழுசாக இல்லை என்று சொல்லும் அளவுக்கு வந்து நின்றது.

30, 21, 19, 13, 3. ஒரு மூத்த வீரரைப் படிப்படியாக விலை குறைத்து, அந்தப் பணத்தில் அடுத்த தலைமுறையைக் கட்டுகிறார்கள் என்று இதை வாசிக்கலாம். வெகுநாள் நானும் அப்படித்தான் வாசித்தேன். நல்ல நிர்வாகத்துக்கு உதாரணமாக ஆபீஸில் யாரிடமோ சொன்னதும் நினைவிருக்கிறது.

இந்த வரிசையில் ஓர் எண் மட்டும் மாறவே இல்லை. ஆடும் பதினொருவரில் ஓர் இடம். 2008-லும் அது பதினொன்றில் ஒன்று, இப்போதும் பதினொன்றில் ஒன்று. கையுறை விஷயத்தில் அதுகூட இல்லை, ஒன்றில் ஒன்று. ஸ்டம்புக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் நிற்க முடியும்.

*

2024-ல் அந்த நாலு கோடி எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடங்களாகச் சர்வதேசப் போட்டியின் முதல் பதினொருவரில் இடம்பெறாத, வாரிய ஒப்பந்தமும் இல்லாத இந்திய வீரரை அன்கேப்ட் ஆகக் கருதலாம் என்றொரு விதி. ஐபிஎல் தொடங்கியதிலிருந்து இருந்தது, 2021-ல் நீக்கப்பட்டது, 2024-ல் திரும்ப வந்தது. தோனியின் கடைசி சர்வதேசப் போட்டி 2019 ஜூலையில், மான்செஸ்டர் அரையிறுதி. ஐந்து வருடம் கணக்காக முடிந்திருந்தது. ராஜஸ்தானும் இதே விதியில் சந்தீப் சர்மாவை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது. ஆக, சட்டப்படி எந்தக் குறையும் இல்லை.

கிரிக்கெட் காரணமும் வலுவாகவே இருந்தது. 2022-ல் சென்னை ஒன்பதாவது இடம் வந்தபோது எல்லோரும் முடிந்தது என்றார்கள். 2023-ல் கோப்பை வந்தது. அந்த இறுதிப் போட்டியில் தோனி பேட்டிங்கில் முதல் பந்திலேயே அவுட். ஆனால் அன்றைக்கு ஜடேஜாவின் பந்தில் ஷுப்மன் கில்லின் கால் ஒரு நொடி கோட்டைத் தாண்டியது, அடுத்த கணம் பெய்ல் கீழே கிடந்தது. 41 வயது, ஆடிக்கொண்டிருந்தது கெட்டுப்போன முழங்காலோடு. அந்தக் கையின் மதிப்பை எந்த ஸ்கோர் கார்டும் சொல்லாது.

2024-ல் இன்னும் தெளிவு. சீசன் முழுவதும் 73 பந்துகளில் 161 ரன். ஸ்ட்ரைக் ரேட் 220. வான்கடேயில் ஹர்திக் பாண்டியாவின் கடைசி ஓவரில் உள்ளே வந்து 4 பந்தில் 20 ரன் அடித்தார். சென்னை ஜெயித்ததும் 20 ரன்னில்தான். இவ்வளவையும் 4 கோடிக்குத் தருகிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 2024 அக்டோபரில் அந்த மேஜையில் நான் உட்கார்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதை ஒளிக்க விரும்பவில்லை.

ஆனால் 73 பந்து என்ற எண்ணில் கொஞ்சம் நின்றிருப்பேன். 14 போட்டி, போட்டிக்கு ஐந்து பந்து. ஒரு அணிக்குக் கிடைப்பது 120 பந்து. அந்த 220 என்ற ஸ்ட்ரைக் ரேட் போட்டிக்கு ஐந்து பந்து என்ற நிபந்தனைக்குள் வாழ்வது. மற்ற ஆறேழு பேர் ஒழுங்காக ஆடி, கடைசி ஐந்து பந்தை மட்டும் அவர் கையில் கொடுக்கும்போதுதான் அது செல்லுபடியாகும். எங்கள் தொழிலில் இதை எல்லோருக்கும் தெரியும்: நூறு பேர் பயன்படுத்தும்போது பறக்கிற மென்பொருள் பத்தாயிரம் பேர் வந்ததும் படுத்துவிடும். முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவன் மேல்தான் தப்பு.

2025-ல் மேல்வரிசை சரிந்தது. அவரிடம் கேட்கப்பட்ட பந்துகள் 73-லிருந்து 145 ஆயின, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரன் 161-லிருந்து 196 ஆனது. கூடுதலாக 72 பந்து, கூடுதலாக 35 ரன். ஆடுகளம், சூழ்நிலை எல்லாம் வேறு, கணக்கு கொஞ்சம் முரட்டுத்தனமானதுதான். ஆனால் திசை தெரிகிறது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக 197 துரத்தும்போது அவர் இறங்கியது ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பின்னால். 16 பந்தில் 30 அடித்தார். தோல்வி 50 ரன்னில். 2008-க்குப் பிறகு பெங்களூர் சேப்பாக்கத்தில் ஜெயித்த முதல் போட்டி அது. சீசன் முடிவில் சென்னை கடைசி இடம், வரலாற்றில் முதல் முறை.

இதெல்லாம் அவர் தப்பு என்று சொன்னால் அது அபத்தம். மே 3 அன்று பெங்களூரில் 2 ரன்னில் தோற்றபோது பழியை அவரே எடுத்துக்கொண்டார். 17 வயது ஆயுஷ் மாத்ரே 94 அடித்த போட்டி. நான் சொல்வது வேறு. அந்த அணியில் எல்லோருடைய விலையும் பேசப்பட்டது, ஒருவருடையதைத் தவிர. நாலு கோடிதானே என்ற வார்த்தை அந்தப் பேச்சை முளையிலேயே நிறுத்திவிட்டது.

*

நாலு கோடியில் அடங்காத செலவை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

2024 நவம்பர், ஜெட்டா மெகா ஏலம். ஒரே அறையில் அத்தனை முன்னணி விக்கெட் கீப்பர்கள் ஒன்றாக ஏலத்துக்கு வருவது அபூர்வம். பந்த் 27 கோடிக்கு லக்னோ. பட்லர் 15.75 கோடிக்கு குஜராத். ராகுல் 14 கோடிக்கு டெல்லி. இஷான் கிஷன் 11.25 கோடிக்கு ஹைதராபாத். சென்னை கையில் 55 கோடி இருந்தது. ராகுலுக்காகக் கொஞ்ச தூரம் போட்டியிட்டு விட்டுவிட்டார்கள். கையுறை காலியாக இருந்திருந்தால் இன்னும் ஒரு கோடி கேட்டிருப்பார்களா? பசியில்லாமல் மார்க்கெட்டுக்குப் போனவன் எவ்வளவு தூரம் பேரம் பேசுவான்?

ஒரு வருஷம் கழித்து அந்தப் பசி வந்தது. 2025 நவம்பர் 15 அன்று சஞ்சு சாம்சன் 18 கோடிக்கு சென்னை வந்தார். பதிலாக ராஜஸ்தானுக்குப் போனவர்கள் சாம் கரனும் ஜடேஜாவும். 2012-லிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஜடேஜா. 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த ஜடேஜா. மறுநாள் அந்தக் கோப்பையைத் தி.நகர் வெங்கடநாராயணா சாலை திருப்பதி தேவஸ்தானக் கோயிலில் வைத்துப் பூஜை செய்தார்கள். டிசம்பரில் கார்த்திக் சர்மாவுக்கு 14.20 கோடி.

இப்போது கூட்டிப் பாருங்கள். சாம்சன் 18, கார்த்திக் சர்மா 14.20, தோனி 4. மொத்தம் 36.20 கோடி. 2026-க்கான உச்சவரம்பு 125 கோடி. அதாவது 29 சதவீதம்.

கேன்டீன் மேஜையில் டிஷ்யூ பேப்பரில் இதைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2008-ல் 30 சதவீதம். பதினெட்டு வருஷம் கழித்து 29. ஒரு ஜோடிக் கையுறைக்காக சென்னை ஒதுக்கும் பங்கு குறையவே இல்லை. 30, 21, 19, 13, 3 என்று நான் ரசித்த அந்த இறங்குவரிசை பாதிக் கணக்கு. மிச்சப் பாதி வேறு பெயர்களில் எழுதப்பட்டிருந்தது. சாம்சனையும் கார்த்திக்கையும் பேட்டிங்குக்காகவும்தான் வாங்கியிருக்கிறார்கள் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் பேட்டர் மட்டும் வேண்டுமென்றால் ஜடேஜாவைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு செலவு ரூபாயில் வராது. சென்னைக்காரரான தினேஷ் கார்த்திக் தோனிக்கு மூன்று மாதம் முன்னால் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியவர். ஐபிஎல்லில் 2008 முதல் 2024 வரை 17 சீசனும் ஆடினார், பல அணிகளுக்கு. ஒரு போட்டிகூட சென்னைக்கு இல்லை. தோனியைவிட நாலு வயது இளையவர், தோனிக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். 2008-லிருந்து 2020 வரைக்கும் அதைப் பற்றிப் புகார் சொல்ல ஏதுமில்லை. கையுறையை வைத்திருந்தவர் உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். நாராயண் ஜெகதீசன் கதைதான் எனக்கு உறுத்துவது. கோயம்புத்தூர்ப் பையன். 2018-ல் எடுத்தார்கள். ஐந்து வருடத்தில் ஆடியது விரல்விட்டு எண்ணக்கூடிய போட்டிகள். 2022 நவம்பரில் விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம் அடித்தார். ஐந்தாவது சதம் 141 பந்தில் 277, லிஸ்ட் ஏ கிரிக்கெட்டின் உலக சாதனை. அவர் பெரிய ஐபிஎல் வீரராக ஆகியிருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தெரிந்துகொள்ள ஒரு சீசன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மத்தியானக் கச்சேரியில் பாடிய பெண்ணுக்கு ஆறு மணி மேடை எப்போது என்று யாருக்கும் தெரியாதது மாதிரி.

*

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு தின்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் என் டீமில் ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டியவர். பில்லிங் பகுதி முழுவதும் அவர் எழுதியது. பட்ஜெட் அதேதான், ஆட்கள் கூடுதலாக வேண்டும். மேலே இருந்து கேட்டார்கள்: இவர் சம்பளத்தில் இரண்டு பேரை எடுக்கலாமே? எனக்கு மனசு வரவில்லை. நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவரை நிரந்தர ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்து, ஆலோசகர் என்ற பெயரில், மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தில் வைத்துக்கொள்வது. அவர் ஒத்துக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம். என்னைப் பாராட்டி மெயில்கூட வந்தது. கண்டுபிடித்தவன் என்ற முறையில் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தேன்.

ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. பில்லிங்கில் எது உடைந்தாலும் அவருக்கு ஒரு போன். மலிவு, வேகம். அதனாலேயே புதிதாக வந்த இரண்டு பேரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கற்றுக்கொள்ளச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. சார் இருக்கார்ல. பிறகு அவர் வீட்டில் உடம்பு சரியில்லாமல் போய், ஒருநாள் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த மூன்று மாதம் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

அதைவிட எனக்கு மறக்காதது, பின்னால் ஒருநாள் அடையாரில் காபி குடிக்கும்போது அவர் சொன்னது. கோபமே இல்லாமல் சொன்னார்.

“நீங்க நல்லதுதான் செஞ்சீங்க தம்பி. ஆனா குறைஞ்ச காசுக்கு வெச்சிருந்தீங்கல்ல, அதனால போதும்னு யாருமே என்கிட்ட சொல்ல வேண்டிய தேவை வரல. எனக்கும் போறதுக்கு ஒரு நாள் கிடைக்கல. முழுச் சம்பளம் வாங்கியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே எல்லாரும் கேக் வெட்டி அனுப்பியிருப்பீங்க.”

“நான் உங்களை அனுப்ப விரும்பல சார்,” என்றேன்.

“தெரியும். சொல்லவும் விரும்பல.”

சொல்லவும் விரும்பல. நான் அவருக்காகக் கண்டுபிடித்த வழி, உண்மையில் எனக்காகக் கண்டுபிடித்தது. அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து ஒரு கடினமான வார்த்தையைச் சொல்வதிலிருந்து தப்பிக்க மூன்றில் ஒரு பங்கு சம்பளம் என்ற விலை கொடுத்தேன். கொடுத்தது கம்பெனி, தப்பித்தது நான்.

*

உலகில் வேறு இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது ஐஸ் ஹாக்கியில் போய் நின்றேன். வட அமெரிக்க ஹாக்கி லீகில் 2005 முதல் கறாரான சம்பள உச்சவரம்பு. கோல் கீப்பரும் நம் விக்கெட் கீப்பர் மாதிரிதான்; வலை ஒன்று, ஆள் ஒருவர். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 15 சீசன் அந்த வலையைக் காத்தவர். அந்த நகரம் அவரை ராஜா என்றுதான் கூப்பிட்டது. 2020-ல் வயது 38, ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மீதி, பின்னால் ஷெஸ்டெர்கின் என்ற இளைஞர் தயார். செப்டம்பர் 30 அன்று மீதி ஒப்பந்தத்துக்குப் பணத்தைக் கொடுத்து அவரை விடுவித்தது அணி. உச்சவரம்பில் ஒரு பகுதி அதற்காகக் கழிந்தது. அந்த வலியை ஏற்றுக்கொண்டார்கள். வேறு அணிக்குப் போனவருக்கு இதயக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு, அதன்பின் ஆடவே முடியவில்லை. 2022 ஜனவரியில் அதே ரேஞ்சர்ஸ் அவருடைய 30-ஆம் எண் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றியது.

இதை முன்னுதாரணம் என்று தூக்கிப் பிடிக்க மாட்டேன். இதில் ஒரு குரூரம் இருக்கிறது. அதற்குப் பிறகு ரேஞ்சர்ஸ் கோப்பையும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் ஒருவரை விடுவித்த பிறகும் கொண்டாடலாம் என்பதை அந்த நகரம் செய்து காட்டியது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. மேடையில் வைத்திருப்பதுதான் மரியாதை, இறக்கினால் அவமரியாதை. சபாவிலும் அப்படித்தான், கட்சி அலுவலகத்திலும் அப்படித்தான், வீட்டுச் சாவிக்கொத்திலும் அப்படித்தான்.

பக்கத்திலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. மேற்கு மாம்பலத்து அஸ்வினை ஜெட்டாவில் 9.75 கோடிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஒரு சீசன். சரியாகப் போகவில்லை. 2025 ஆகஸ்டில் அவரே ஐபிஎல்லிலிருந்து விலகிக்கொண்டார். 9.75 கோடி என்பது கண்ணில் படும் எண். அது இருக்கும் இடத்தில் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், வாங்குபவரும் தன்னையே கேட்டுக்கொள்வார். நாலு கோடி கேள்வி கேட்க விடாது.

ஆகவே என் விமர்சனம் இது. தோனியை 2024-ல் வைத்துக்கொண்டது தவறில்லை. அன்கேப்ட் என்ற பெயரில் வைத்துக்கொண்டதுதான் கோளாறு. பதினான்கோ பதினெட்டோ கோடி கொடுத்து ஒரு வருஷத்துக்கு என்று வைத்திருந்தால், யாரை இழக்கிறோம், எத்தனை பந்து கேட்கப்போகிறோம், அடுத்து கையுறை யாருக்கு என்று உட்கார்ந்து பேசியே ஆக வேண்டியிருக்கும். உச்சவரம்பு என்ற ஏற்பாட்டின் ஒரே நன்மை அதுதான்: பேச வைக்கும். 2008-ல் 30 சதவீதம் கொடுத்த அணி அப்படிப் பேசி முடிவெடுத்த அணி. 2024-ல் அந்த மேஜையில் முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. 2022-லும் இதே ஒத்திவைப்புதான். ஜடேஜா கேப்டன், எட்டுப் போட்டி, ஆறு தோல்வி, மறுபடி தோனி. அடுத்த வருஷம் கோப்பை வந்ததால் அதை யாரும் தோல்வி என்று எழுதவில்லை.

*

நிர்வாகத்தை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்துவது எளிது. 2025 ஏப்ரல் 11 அன்று நானும் அப்பாவும் சேப்பாக்கத்தில் இருந்தோம். கஸ்தூரிபா நகரில் பறக்கும் ரயில் ஏறியபோதே பெட்டி முழுக்க மஞ்சள். பெரும்பாலான முதுகில் 7. மயிலையில் இன்னும் நாலு ஏழு ஏறியது. ருதுராஜுக்கு முழங்கை முறிந்து தோனி மறுபடி கேப்டனான முதல் போட்டி, எதிரே கொல்கத்தா.

விக்கெட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அரங்கில் ஒரு சத்தம் எழுந்தது. வருத்தத்தின் சத்தம் இல்லை அது. தான் மேல்வரிசையில் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என்று ஜடேஜா முன்பு சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. சொந்த அணி சரிந்துகொண்டிருந்தது, நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் படியிறங்கி வந்தபோது நானும் எழுந்து விசிலடித்தேன். அப்பா, மூட்டுவலியோடு, சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

4 பந்து, 1 ரன், நரைன் பந்தில் எல்பிடபிள்யூ. சென்னை 103. கொல்கத்தா பத்தேசொச்ச ஓவரில் முடித்துவிட்டது. எங்கள் வரிசையில் பாதிப் பேர் அவர் அவுட்டானதுமே கிளம்பிவிட்டார்கள்.

அந்த விசிலுக்கும் உச்சவரம்புக் கணக்கில் ஓர் இடம் உண்டு. எந்த நிர்வாகம் அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு போதும் என்று சொல்லும்? என் ஆபீஸில் நான் ஒருவரிடம் சொல்ல முடியாததை, அவர்கள் முப்பதாயிரம் பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். நான் அவர்களைக் குறை சொல்லும்போது என் வாயில் அந்த விசிலின் எச்சில் இன்னும் இருக்கிறது.

கேன்டீனில் அப்பா காபியை முடித்துவிட்டு அந்த டிஷ்யூ பேப்பரை வாங்கிப் பார்த்தார். 18, 14.20, 4. கீழே 36.20. ரொம்ப நேரம் பார்த்தார். மேடைப் பக்கமிருந்து மாலைக் கச்சேரிக்கு மைக் சரிபார்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“உள்ள போலாமா? பெரியவர் ஆரம்பிச்சுடுவாரு.”

“நீங்க போங்கப்பா. நான் கொஞ்சம் இருக்கேன்.”

எழுந்தவர் நின்றார். “ஏப்ரல்ல சேப்பாக்கம் போவோம்ல?”

“போவோம்பா.”

“யாரு கீப்பிங்னு கேக்காம டிக்கெட் போட்டுடு,” என்றார். கொஞ்சம் யோசித்து, டிஷ்யூ பேப்பரை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.